சலவைக் கணக்கு

அவர்கள் ஆடி நான் பார்த்ததில்லை.
ஆட்டம் திங்கட்கிழமை காலையில்
கோணிப்பையில் என் வாசலுக்கு வரும்:
ஒன்பது கம்பளிச் சட்டை, ஒன்பது அரைக்கால் சராய்,
பழுப்புக் காலுறை பதினெட்டு.
(ஒரு தடவை பதினேழு. பஃபலோ ரயிலில்
யாரோ ஜன்னலுக்கு வெளியே காயப்போட்டானாம்.)
ஆளுக்கு வாரம் ஒன்பது சென்ட்.

மே மாதம் நல்ல அழுக்கு.
முழங்காலில் களிமண், இடுப்பில் புல்,
சறுக்கி விழுந்து பேஸைத் தொட்டவன் நெஞ்சில்
சுண்ணாம்புக் கோடு.
தோற்றார்கள்தான். ஆனாலும்
உழைத்துத் தோற்ற துணி
சோப்புக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும்.

ஜூனில் பதினாறு ஆட்டம், இரண்டு வெற்றி.
எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து
வெல்ஸ்ஃபோர்டு பையன்களை வெளுத்து வாங்கினார்கள்.
மிச்சத்தை நான் வெளுத்தேன்.

கேட்சர் ஒட்டோ க்ரைபலின் சட்டைக் கையில்
வாரம் தவறாமல் ரத்தம்.
கையுறை போட்டால் கோழை என்பார்களாம்.
பந்து விரலைப் பிளக்கும், அவன் சட்டையில் துடைப்பான்.
குளிர்ந்த நீர், உப்பு, அப்புறம்தான் சோப்பு.
வெந்நீர் பட்டால் ரத்தம் துணியிலேயே குடியேறிவிடும்.
அவன் விரல்களை நான் பார்த்ததில்லை.
எவ்வளவு கோணல் என்று
பித்தான் துளை பிய்ந்திருந்த விதம் சொன்னது.

பிட்ச்சர் ஹாலோரன் முதுகில் வியர்வை உப்பாய்ப் பூத்திருக்கும்.
ஆகஸ்டில் உப்போடு விஸ்கி.

ஷார்ட்ஸ்டாப் லெமுவேல் ஸ்ட்ரௌட்
ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து
சுத்தம்.

முதலில் சந்தோஷப்பட்டேன், ஒரு சராய் வேலை மிச்சமென்று.
பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
முழங்காலில் போன வாரம் நான் போட்ட
இஸ்திரி மடிப்பு அப்படியே.
தரையோடு வரும் பந்துக்குக் குனிகிறவன் இடமாம் அது.
ஐந்து ஆட்டம் நின்றிருக்கிறான்,
மண் ஒருமுறைகூட அவனைத் தொடவில்லை.

துரதிர்ஷ்டம் என்றது பத்திரிகை.
வெயில் கண்ணில் பட்டது என்றார் மேனேஜர் பின்னி.
கால்வாய்ப் பாலத்தில் பந்தயம் கட்டுகிறவர்கள்
ஒன்றும் சொல்லவில்லை,
புதுத் தொப்பி வாங்கினார்கள்.
வெளுத்ததெல்லாம் பாலில்லை என்று
என் வாளிக்குத் தெரியும்.
யாரிடம் சொல்ல?
ஏழை சொல்லே அம்பலம் ஏறாதாம்,
இதில் நான் ஐரிஷ்காரி வேறு.
அந்த சீசனில் சாயம் வெளுத்தது
காலுறைகளுக்கு மட்டும்தான்.

செப்டம்பர் கடைசி ஆட்டத்துக்கு
எழுபது பேர் வந்தார்களாம், ஒரு நாய்.
பின்னி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு
என் படியில் நின்றார்.
"மிஸஸ் டெவ்லின், அடுத்த வருடம் நிச்சயமாக..."
பதினொரு வாரப் பாக்கி.
அவர் சட்டைக் காலரும் பாவம், திருப்பித் தைத்தது.

ஒட்டோ அரை மூட்டை உருளைக்கிழங்கோடு வந்தான்.
காசில்லை என்று ஜெர்மனில் சொன்னானோ
ஆங்கிலத்தில் சொன்னானோ.
மூட்டையின் முடிச்சை அவிழ்க்க
அவன் விரல்களால் முடியவில்லை.
நான்தான் அவிழ்த்தேன்.

ஸ்ட்ரௌட் மட்டும் பணத்தோடு வந்தான்.
தன் பங்கு தொண்ணூற்றொன்பது சென்ட் என்று
தானே கணக்குப் போட்டு வைத்திருந்தான்.
இரண்டு டாலர் நோட்டு, மடிப்பு விழாதது.
"மீதி வேண்டாம், அம்மா."
மீதியை எண்ணி அவன் கையில் வைத்தேன்,
கடைசி சென்ட்டைச் சேர்த்து.
சட்டையைக் கேட்டான். கொடுத்தேன்.
இஸ்திரி போடவில்லை.

கணக்குப் புத்தகத்தில் ஒன்பது பெயர்.
எட்டுக்கு எதிரே பாக்கி.
ஒன்றுக்கு எதிரே "நேர் செய்தாயிற்று."
என் கையெழுத்துதான்.

அந்தக் காசில் கரி வாங்கினேன்.
நன்றாகத்தான் எரிந்தது.
எடுத்துப் போட்ட கையெல்லாம் கறுப்பு.
எந்தக் கரிக்கும் அப்படித்தான்.